மேட்டுக்கு ஒரு மோட்டார்

1978 ஜூலை 3, திங்கள்

இன்று மூன்று பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டினேன். நான்காவதாக ஒரு பொம்மைக்குக் கட்டச் சொல்லி வந்து நின்றார் பரீது அண்ணன். பாலக்காட்டில் செருப்பு வியாபாரம் செய்கிறவர். இங்கே எலப்புள்ளியில் அவருக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. அந்தத் தோப்பு மோட்டார் எரிந்து போகும்போதெல்லாம் கமலாத்தாள்தான் கட்ட வேண்டும் என்று என்னைத் தேடி எங்கள் பட்டறைக்கே கொண்டு வருவார்.

பொம்மை என்றால் லேசுப்பட்ட பொம்மை இல்லை. ஒரு முழ நீளத்துக்கு ஜீப். கூடவே கையில் பிடிக்க ஒரு பெட்டி, அதில் ஏரியல். பெட்டியில் உள்ள குச்சியைத் தள்ளினால் ஜீப் ஓடுகிறது, திரும்புகிறது, பின்னாலும் வருகிறது. நடுவில் ஒயரே கிடையாது! எங்கள் முதலாளி பிளந்த வாயை மூடவில்லை.

"எம் மக நபீஸா மாப்பிள்ளை துபாய்ல இருந்து கொண்டாந்தது தங்கச்சி. தரையில பறக்குது. ஒரு கல்லக் கண்டா நின்னுருது. வேற மோட்டார் போடு, இல்ல இதையே மாத்திக் கட்டு. எனக்கு அது கல்லு ஏறணும்."

நோன்புப் பெருநாளுக்கு முன்னால் புதுக்கடை திறக்கிறாராம். வாசலில் ஆற்றுக்கல்லைக் குவித்து மலை கட்டி, ஜீப்பில் ஒற்றைச் செருப்பை வைத்து ஏற்றி இறக்க வேண்டுமாம். 'எங்கள் செருப்பு போட்டால் பீர்மேடும் ஏறலாம்' என்று போர்டுகூட எழுதிவிட்டாராம்.

பீர்மேடாம், பீர்மேடு! வேறு ஊர்ப் பேரே கிடைக்கவில்லையா இந்த மனுஷனுக்கு?

விளையாட்டுச் சாமானெல்லாம் பட்டறையில் வேண்டாம் என்றார் முதலாளி. வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

ஜூலை 4

ஜீப்பை நடையில் ஓட்டிப் பார்த்தேன். கட்டிலில் கிடந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஜீப் என்று தெரிந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எழுதித் தொலைக்கிறேன், இல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும். என் வீட்டுக்காரர் பெரியமுத்து பதினைந்து வருஷம் லாரி ஓட்டியவர். போன அக்டோபரில் எஸ்டேட்டுக்கு உரம் இறக்கிவிட்டுப் பீர்மேட்டிலிருந்து திரும்பும்போது, குட்டிக்கானம் இறக்கத்தில் வண்டி கவிழ்ந்தது. பிரேக் பிடிக்கவில்லை. இவருக்கு முழங்கையில் ஒரு கீறல். கிளீனர் சங்கையாவுக்கு வலது கால் போய்விட்டது. இருபத்தைந்து வயது, கல்யாணமாகி ஏழு மாதம்.

அன்று கட்டிலில் படுத்தவர்தான் இவர். வண்டி பக்கமே போவதில்லை. 'ம்', 'சரி', 'வேண்டாம்'. இந்த மூன்று வார்த்தையில் குடும்பம் நடக்கிறது. அடித்தாலாவது பேச்சு வருமா என்றுகூட யோசித்திருக்கிறேன்.

காலையில் வண்டி எடுப்பதற்கு முன் பிரேக் ஆயில் பார்ப்பது கிளீனர் வேலை. சங்கையா பார்த்தேன் பார்த்தேன் என்கிறான். பார்த்திருந்தால் பிரேக் எப்படிப் போகும்? ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நான் நேராகவே கேட்டுவிட்டேன், 'ஒழுங்காப் பாத்திருந்தா ரெண்டு பேருக்கும் இந்தக் கதி வருமா' என்று. இப்போது வண்டிப்பெரியாரில் அவன் பெண்டாட்டி சின்னத்தாய் வேலை செய்யும் எஸ்டேட் லயத்தில் இருக்கிறான். அங்கேயும் எல்லோரும் அதையேதான் சொல்கிறார்களாம். வேறு என்ன சொல்வார்கள்?

ஜூலை 9, ஞாயிறு

மாற்று மோட்டார் தேடி அலைந்ததில் ஒரு வாரம் போயிற்று.

பட்டறையில் செத்த டேப்ரிக்கார்டர் ஒன்று கிடந்தது. அதன் மோட்டார் சத்தமே இல்லாமல் பூப்போலச் சுற்றுகிறது. ஆனால் ஒரே வேகம், ஒரே திசை. கல்லில் மாட்டினால் பின்னால் எடுக்க வேண்டாமா? நிஜ ஜீப்பின் வைப்பர் மோட்டார் இருக்கிறது என்று மெக்கானிக் ஒருவர் கொடுத்தார். மாட்டைக் கட்டி இழுத்தாலும் இழுக்கும். ஆனால் அதன் எடை இந்த ஜீப்பின் எடையைவிட அதிகம். அதற்கு மோட்டார் சைக்கிள் பேட்டரி வேறு வேண்டும். கோயம்புத்தூரில் ஒரு கடையில் ஜப்பான் மோட்டார் கிடைக்கிறதாம், இதே அளவு, இரண்டு மடங்கு வேகமாம். பரீது அண்ணனுக்கு அதில்தான் கண்.

மலை ஏற வேகம் எதற்கு என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. எனக்கே அதில் தெளிவு இல்லை. இருக்கிற மோட்டாரையே பிரித்துக் கட்டிப் பார்ப்பது என்று முடிவு. காயில் கட்டத்தான் எனக்குத் தெரியும்.

ஜூலை 16, ஞாயிறு

பம்ப்செட் புத்தி! தடிக் கம்பி போட்டால் பலம் வரும் என்று, தடிக் கம்பியில் ஒவ்வொரு பல்லுக்கும் முப்பத்தைந்தே சுற்று சுற்றினேன். உள்ளே சுழலும் ஆர்மேச்சர் கட்டைவிரல் அளவுதான், கம்பி சுற்ற அதில் மூன்று பல். இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டு மகாராணி மாதிரி குச்சியைத் தள்ளினேன்.

ஜீப் பறந்தது. அம்மிக்கல்லில் முட்டியது. சக்கரம் திணறியது. மோட்டார் செல்லில் இருந்ததையெல்லாம் ஒரே மடக்கில் குடித்துவிட, ஜீப்புக்குள் இருக்கும் ரேடியோவுக்குக் கரண்டு இல்லை. நான் பெட்டியில் என்ன தள்ளினாலும் அதற்குக் கேட்கவில்லை. முட்டிக்கொண்டே நின்று புகைந்தது. நான் கத்திக்கொண்டு ஓடி செல்லைப் பிடுங்கினேன்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"மேட்டுல எதுக்கு இத்தன வேகம்? பர்ஸ்ட் கியர்ல போவோணும்."

ஏழு வார்த்தை! ஒன்பது மாதத்தில் இவர் பேசியதில் இதுதான் நீளம். திரும்பிப் பார்த்தால் பயந்து நிறுத்திவிடுவாரோ என்று, புகைந்த மோட்டாரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 17

மெல்லிய கம்பி, சுற்று அதிகம். குறைவாகக் குடிக்கும், மெதுவாகச் சுற்றும், ரேடியோவும் சாகாது. பன்னிரண்டு வருஷமாகக் காயில் கட்டுகிறவளுக்கு இதை லாரி டிரைவர் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜூலை 23, ஞாயிறு

பல்லுக்கு நூறு சுற்று என்று கணக்கு வைத்தேன். இரண்டு பல் முடித்ததும் கம்பி விரலை அறுத்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு, "ஏனுங்க, இந்த ஒண்ண மட்டும் சுத்தித் தாருங்களே, நூறு" என்று கட்டில்மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். செய்வார் என்று நினைக்கவே இல்லை.

களத்தில் நெல் அளக்கும்போது எங்கள் பக்கம் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்ல மாட்டோம், 'லாபம்' என்போம். அந்தப் பழக்கம் காயில் கட்டும்போதும் விடுவதில்லை. பத்துப் பத்தாக எண்ணுவேன், ஒவ்வொரு பத்தையும் லாபத்தில்தான் தொடங்குவேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து மெதுவாக "லாபம்" என்று கேட்டது. கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். குழம்பு அடிப்பிடித்தது. பிடிக்கட்டும்.

ஜூலை 24

ஜீப் நொண்டுகிறது. வேகமாகப் போனால் தெரியவில்லை. மெதுவாக ஏறும்போது ஒரு இழுப்பு, ஒரு தயக்கம், ஒரு இழுப்பு. கார்பனைத் தேய்த்தேன், காந்தத்தைத் துடைத்தேன், எண்ணெய் விட்டேன். நொண்டுகிறது.

ஜூலை 26

வேறு வழியில்லாமல் மூன்றாவது பல்லைப் பிரித்து எண்ணினேன். நூற்றுப் பத்து! மற்ற இரண்டும் நூறு. பிறகு நொண்டாமல் என்ன செய்யும்?

"ஏனுங்க, நூறு சுத்தச் சொன்னா நூத்திப்பத்து சுத்துவீங்களா?"

"நூறுதான் சுத்தினேன்."

"லாபம், ரெண்டு, மூணு. இதுதானுங்களே எண்ணிக்கை?"

எழுந்து உட்கார்ந்துவிட்டார். "லாபத்துக்கு அப்பறம்தான் ஒண்ணு. லாபம் சாமிக்கு. அது கணக்குல சேராது. எங்க ஊட்டுக் களத்துல அப்படித்தான்."

பத்துக்கு ஒரு லாபம், பத்துப் பத்துக்குப் பத்து லாபம்! கல்யாணமாகிப் பதினொரு வருஷம், இவர்கள் வீட்டுச் சாமிக்குத் தனி மரக்கால் போகிறது என்று இன்றுதான் தெரிகிறது.

"உங்க களத்துல சாமி நெல்லுத் திங்கும். மோட்டாருக்குள்ள வந்து கம்பியுமா திங்கும்?"

சிரித்தார். பல் தெரிய, தோள் குலுங்க. நான் உடனே கொல்லைப் பக்கம் போய்விட்டேன். நான் அழுவதைப் பார்த்தால் சிரிப்பை அடக்கிக்கொள்வார்.

திரும்பி வந்தபோது ஆர்மேச்சரைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். "இதுலயும் நூத்திப்பத்தே சுத்து. மத்த ரெண்டுலயும் பத்துப் பத்துச் சேரு. இன்னும் மெதுவாப் போகட்டும். மெதுவாப் போனாத்தான் ஏறும்."

ஜூலை 30, ஞாயிறு

ஏறிவிட்டது! கொல்லையில் துவைக்கிற கல், அம்மி, உடைந்த ஆட்டுக்கல் எல்லாவற்றையும் குவித்து இவரே மலை கட்டினார். பெட்டியை நான் நீட்டினேன். கொஞ்சம் தயங்கிவிட்டு வாங்கிக்கொண்டார். ஜீப் ஒவ்வொரு கல்லாகத் தொட்டுத் தொட்டு, ஒரு சக்கரம் தூக்கி, மறு சக்கரம் ஊன்றி, நொண்டாமல் மேலே போய் நின்றது. மழை தூறியது. துணி எடுக்கக்கூட நான் நகரவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது பதினான்கு வார்த்தை. எண்ணுவதை இனிமேல் விட வேண்டும்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

பரீது அண்ணன் வந்தார். நோன்பு, தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டார். இவர் ஜீப்பை ஏற்றிக் காட்டினார். அண்ணனுக்குத் தாங்க முடியாத சந்தோஷம், குழந்தை மாதிரி கைதட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஏத்தத்துக்கு மட்டும் மோட்டார ஓட்டுங்க மாப்ளே. இறக்கத்துல குச்சிய விட்டுட்டா அது தானா உருண்டு வந்துரும். அத்தனையும் செல்லு மிச்சம்தானே?"

சொல்லிக்கொண்டே பெட்டியை வாங்கி அவரே செய்தும் காட்டினார். உச்சியில் இருந்த ஜீப் உருண்டது. பாதி தூரத்தில் வேகம் பிடித்தது. அடியில் இருந்த கல்லில் மோதிக் கவிழ்ந்து, நான்கு சக்கரமும் வானத்தைப் பார்க்கக் கிடந்தது. அண்ணன் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

இவர் சிரிக்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். விளக்கு வைத்த பிறகுதான் வந்தார். சாப்பாடு வேண்டாம் என்றார்.

ஆகஸ்ட் 9

மறுபடியும் சுவர்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

எழுதக் கை ஓடவில்லை.

மத்தியானம் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு வண்டி நியூட்ரல்ல வந்துச்சு கமலா."

எனக்குப் புரியவில்லை. புரிய வைத்தார். லோடு இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது, மலை இறக்கத்தில் டிரைவர்கள் கியரை எடுத்துவிட்டுச் சும்மா உருட்டிக்கொண்டு வருவார்களாம். டீசல் மிச்சம். எல்லோரும் செய்வதுதானாம். கியர் பிடித்துக்கொள்ளாத வண்டியைப் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். வளைவுக்கு வளைவு மிதித்து மிதித்துப் பிரேக் சூடேறி, கடைசியில் பிடிக்காமல் போயிற்று. அப்புறம் கியர் போடப் பார்த்தால் விழவில்லை.

"பிரேக் புடிக்கலேன்னு போலீசுல சொன்னது பொய்யில்ல. ஏன் புடிக்கலேங்கறதத்தான் சொல்லல."

"ஆயிலு?"

"இருந்துச்சு. காலைல சங்கையா மூடியத் தொறந்து பாத்தான். நான் பக்கத்துல நின்னு பீடி குடிச்சிட்டிருந்தேன்."

அவன் பார்த்திருக்கிறான். பார்த்தேன் என்றும் சொன்னான். ஐயோ, அத்தனை பேரிடமும் சொன்னானே! காலை வெட்டிப் போட்டுட்டுக் கெடக்கறவன்கிட்டப் போயி நின்னு, ஒழுங்காப் பாத்திருந்தா இப்படி வருமான்னு கேட்டேனே. இந்த வாய் வெந்து போக. அவன் என்னையே பாத்தான். அப்பவும் எனக்கு உறைக்கலியே!

என்ன மனுஷன் இவர்? பத்து மாசம். ஒரு கார்டு எழுதிப் போட முடியாதா? முறத்தைத் தூக்கி எறிந்தேன். அரிசி கூடமெல்லாம் சிதறியது. இவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

ஆகஸ்ட் 14

இன்று நான் பேசவில்லை. முறை மாறிவிட்டது.

ஆகஸ்ட் 17

கோபம் இருக்கிறது. கூடவே வேறு ஒன்றும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். பத்து மாதமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு இவர் பட்டது பாசாங்கு இல்லை. நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் இவர் பட்டதனால் சங்கையாவுக்கு என்ன ஆயிற்று? அவனுக்குக் காலும் இல்லை, பேரும் இல்லை.

போகலாம் என்றேன். "பரீது அண்ணன் கடை திறப்பு முடியட்டும்" என்றார். நானும் சரி என்றேன். எனக்கும் பயம்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

கடை திறந்தாயிற்று. ஜும்மா முடிந்து கூட்டம் அப்படியே தெருவை அடைத்துவிட்டது. பெட்டியை வேறு யார் கையிலும் கொடுக்க அண்ணன் சம்மதிக்கவில்லை, இவர்தான் ஓட்டினார். செருப்பைச் சுமந்துகொண்டு ஜீப் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. நூற்றுப் பத்துச் சுற்று ஒரு தடவைகூடச் சூடாகவில்லை. நான் போய்ப் போய்த் தொட்டுப் பார்த்தேன்.

இறக்கத்திலும் குச்சியைத் தள்ளி மெதுவாகவே இறக்கினார். அண்ணன் காதோரம் வந்து செல்லைப் பற்றி முணுமுணுத்தார்.

"அண்ணா, இறக்கத்துலதானுங்க மோட்டார் புடிச்சிருக்கோணும். செல்லு போனாப் போகுது, நான் வாங்கிப் போடறேன்."

கூட்டத்துக்கு நடுவில், சத்தமாக.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப்பில் நின்று, "நாளைக்கே கெளம்பலாமா?" என்று இவரே கேட்டார்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

நேற்றுத்தான் வண்டிப்பெரியாரிலிருந்து திரும்பினோம். மறப்பதற்குள் எழுதுகிறேன். மறக்காது, இருந்தாலும்.

சனிக்கிழமை கிளம்பி, கோட்டயத்தில் தங்கி, ஞாயிறு காலை மலைப் பஸ் ஏறினோம். குட்டிக்கானத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு வளைவில் என் கையைத் தொட்டு, "இங்கதான்" என்றார். புதுசாகக் கட்டிய ஒரு சிறு மதில், அவ்வளவுதான். பஸ் முக்கி முக்கி ஏறிக்கொண்டிருந்தது.

எஸ்டேட் லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு வீடு. சங்கையாவுடையது முதல் வீடு. அவன் வாசலில் உட்கார்ந்து கூடை முடைந்துகொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் கக்கத்துக் கட்டையை எடுத்து எழப் பார்த்தான். "வாங்கண்ணே, வாங்கக்கா." அந்த 'வாங்கக்கா' இருக்கிறதே, என்னால் வாசற்படி தாண்ட முடியவில்லை.

சின்னத்தாய் பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தாள். இவர் அதைத் தொடாமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். நியூட்ரல், டீசல், பிரேக் சூடானது, கியர் விழாதது. போலீசில் எதை மறைத்தார் என்பது. ஒன்றையும் விடவில்லை. நானும் என் பங்கைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் கேட்டது தப்பு என்றேன். "நீங்க மட்டுமாக்கா கேட்டீய" என்றான்.

பிறகு இவரைப் பார்த்தான். "ஆயிலு?"

"சரியா இருந்துச்சு சங்கையா. நீ பாத்தே. நீ பாத்தத நான் பாத்தேன்."

சங்கையா பெண்டாட்டி பக்கம் திரும்பினான். "கேட்டியா?"

சின்னத்தாய் சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "கேட்டேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது, அவளும் இவனை நம்பவில்லை என்று. கட்டின பெண்டாட்டியே நம்பாத வீட்டில் பத்து மாதம் உட்கார்ந்து கூடை முடைந்திருக்கிறான்.

திட்டுவான் என்று நினைத்தேன். கட்டையால் ஒன்று போட்டாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தோம். அவன் கட்டையை ஊன்றி எழுந்து, "வாங்கண்ணே" என்று வாசலில் இறங்கினான். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினான்.

"இவுகதான் எங்க டிரைவர். ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

இவருக்குப் புரிந்துவிட்டது. சொன்னார், முதலிலிருந்து. அந்த வீடு முடிந்ததும் அடுத்த வீடு. மூன்றாவது வீட்டில் ஒருவர் கையை ஓங்கிவிட்டார். "விடுங்க மாமா, சொல்லி முடிக்கட்டும்" என்று சங்கையா தடுத்தான். ஐந்தாவது வீட்டில் ஒரு அம்மாள், "ஒன்னப் போயிச் சொன்னேனேய்யா" என்று அவன் தலையைத் தடவினாள். ஏழாவது வீட்டில் இவருக்குக் குரல் கம்மிவிட்டது. சின்னத்தாய் பின்னாலேயே ஓடி வந்து தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒரு வீட்டிலும் குறைத்துச் சொல்லவில்லை.

கடைசி வீட்டில் ஒரு பெரியவர் மட்டும் இருந்தார். அவருக்குக் காது மந்தம். இவர் சொல்லி முடித்தும், கையைக் காதில் வைத்துக்கொண்டு "என்ன?" என்றார்.

"சத்தமாச் சொல்லுங்கண்ணே" என்றான் சங்கையா.

இவர் சத்தமாகச் சொன்னார். பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்டது.